தூரம் குறைந்தால் பதறாதீர்கள்: நீச்சல் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மாநிலப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. வழக்கம்போல எனக்குப் போன்கள் வரத் தொடங்கிவிட்டன. "என்ன சார், ஒண்ணேகால் மணி நேரத்திலேயே பிள்ளைகளை வெளியே அனுப்பிட்டீங்களாமே?" "போட்டி நெருங்க நெருங்க இன்னும் அதிகமாத்தானே நீந்தணும்?" ஒருவர் ஒருபடி மேலே போய், மாலையில் மகனை ஓர் ஓட்டல் குளத்துக்கு அழைத்துப் போய்க் கூடுதலாக நீந்த வைத்திருக்கிறார். மறுநாள் காலை பையன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நான் பேசிப் பார்த்த மற்ற ஊர்க் கோச்சுகளும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் நம் குழுவின் வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தூரத்தைக் குறைப்பது வேண்டுமென்றே செய்வதுதான். டேப்பர் என்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளை சீசன் நடுவில் வாரத்துக்கு 35, 40 கிலோமீட்டர் நீந்துகிறது. மாதக்கணக்கில் அப்படி நீந்தும்போது உடம்பு பலமும் சேர்க்கிறது, களைப்பும் சேர்க்கிறது. களைப்பு மேலே உட்கார்ந்திருக்கும்வரை அடியில் இருக்கும் பலம் ஸ்டாப்வாட்சில் தெரியாது. தூரத்தைக் குறைத்தால் களைப்பு சில நாட்களில் இறங்கிவிடும். பலம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அந்த இடைவெளியில் போட்டி வந்து விழும்படி நாள் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட 99 நீச்சல் வீரர்களின் கடைசி மூன்று வாரத்தை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். சராசரியாக 2.18 விழுக்காடு வேகம் கூடியிருக்கிறது. கேட்கக் கொஞ்சமாகத்தான் தெரியும். உங்கள் பெண் 100 மீட்டரை ஒரு நிமிடம் ஐந்து வினாடியில் நீந்துகிறாள் என்றால் அந்த 2.18 விழுக்காடு ஏறக்குறைய ஒன்றரை வினாடி. ஒரு வருடம் முழுக்கப் பாடுபட்டும் ஒன்றரை வினாடி குறைக்க முடியாமல் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

குறைவது தூரம் மட்டும்தான். வேகத்தையும், வாரத்தில் குளத்துக்கு வரும் நாட்களையும் நாங்கள் பெரிதாகத் தொடுவதில்லை. மொத்தத் தூரம் படிப்படியாகப் பாதியளவுக்கு இறங்கும். ஆனால் அந்தப் பாதியில் போட்டி வேகத்தில் 50 மீட்டர்கள் இருக்கும், நடுவில் நல்ல ஓய்வு இருக்கும், பிளாக்கில் (பாயும் மேடையில்) இருந்து பாய்ந்து 15 மீட்டர் வரை முழு வேகம் இருக்கும். கேலரியில் இருந்து பார்த்தால் பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அரட்டை அடிப்பது மாதிரிதான் தெரியும். அது ஓய்வு நேரம். அதையும் நான் கடிகாரம் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

எல்லாருக்கும் மூன்று வாரம் கிடையாது. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைக்கு நாலைந்து நாள் போதும். அவர்கள் நீந்தும் தூரமும் குறைவு, ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் களைப்பும் போய்விடுகிறது. உடம்பு முற்றிய, வேகப் போட்டிகளில் இறங்கும் பையனுக்குத்தான் நீளமான டேப்பர். 800, 1500 மீட்டர் நீந்துபவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே "அவனுக்கு மட்டும் லீவு, எங்க பையனுக்கு இல்லையா" என்று கேட்காதீர்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தூரம் குறைந்த முதல் சில நாட்களில் பல பிள்ளைகளுக்கு உடம்பு இன்னும் கனமாக இருக்கும். "தண்ணி கையில சிக்கவே மாட்டேங்குது சார்" என்பார்கள். எரிச்சல் வரும், தூக்கம் கலையும். வீட்டில் தம்பியோடு சண்டை வரும். அந்த நேரம் பார்த்து நீங்களும் "எனக்கு அப்பவே தெரியும், ப்ராக்டிஸ் பத்தல" என்று சொன்னால், மாதக்கணக்கில் கட்டியது பிள்ளையின் மனதுக்குள் சரிந்துவிடும். அந்த வாக்கியம் ஒன்றை மட்டும் மூன்று வாரம் விழுங்கிவிடுங்கள், போதும்.

மிச்சமாகும் நேரத்தை என்ன செய்வது? தூக்கம். பதின்மூன்றில் இருந்து பதினெட்டு வயது வரை ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அதற்குக் கீழே இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்பதுக்குக் குறையக் கூடாது. காலை நாலரைக்கு எழுந்து வரும் பிள்ளை இதில் எவ்வளவு தூங்குகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டேப்பரில் மிச்சமான நேரத்தில் புதிதாக ஒரு டியூஷன் சேர்ப்பதும், விட்டுப்போன கல்யாண வீடுகளுக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போவதும் ஓட்டல் குளத்துக்குக் கூட்டிப்போவது போலத்தான்.

சாப்பாட்டில் புதிதாக எதுவும் வேண்டாம். தூரம் குறைந்திருப்பதால் பசியும் கொஞ்சம் குறையும், வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். போட்டி நாளன்று இட்லி, வாழைப்பழம், நடுவில் கொஞ்சம் தயிர்சாதம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. நம் பிள்ளைகளின் வயிறு பழகியது இதுதான். கடையில் விற்கும் டப்பாப் பவுடர்களை நம்பி இறங்காதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதை லேபிளை வைத்து முழுதாகச் சொல்ல முடியாது. சளி பிடித்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தையும் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் போட்டி நாளில் ஊக்கமருந்துக் கணக்கில் வரும். டாக்டரிடம் போகும்போது "பிள்ளை போட்டியில் நீந்துகிறது" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இந்த டைமிங் விவகாரம். நம் குளம் 25 மீட்டர். மாநிலப் போட்டி 50 மீட்டர் குளத்தில். சென்னை வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய குளத்தைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல்முறை பிளாக்கில் ஏறி நிற்கும் சின்னப் பிள்ளைக்கு எதிர்ச்சுவர் வேறு ஊரில் இருப்பது போல இருக்கும். இங்கே 100 மீட்டருக்கு மூன்று டர்ன் (சுவரில் திரும்புவது), அங்கே ஒன்றே ஒன்று. ஒவ்வொரு டர்னிலும் சுவரை உதைத்துக் கிடைக்கும் வேகம் அங்கே கிடையாது. அதனால் நம் குளத்து நேரத்தைவிட இரண்டு மூன்று வினாடி கூடுதலாக வருவது சாதாரணம். போர்டில் அந்த எண்ணைப் பார்த்ததும் பிள்ளை பின்னால் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். போன வருடம் 50 மீட்டர் குளத்தில் எடுத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

கடைசி வாரங்களில் நான் மெனக்கெடுவது எதில் என்றும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் சுவருக்குப் பக்கத்தில்தான். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். மற்ற நாளெல்லாம் சரியாகத் தொடும் பிள்ளை, பக்கத்து லேனில் ஆள் நெருங்கும்போது தோளைச் சாய்த்து ஒரு கையை முன்னால் நீட்டிவிடும். அவ்வளவுதான், டிஸ்குவாலிஃபை. மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக்கில் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் மேலே கொடி கட்டியிருப்பார்கள். கொடியில் இருந்து எத்தனை கைவீச்சில் சுவர் வரும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும், அதுவும் போட்டி வேகத்தில். மெதுவாக நீந்தும்போது வரும் எண்ணிக்கை வேறு. 2008 பெய்ஜிங்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை ஃபைனலில் அமெரிக்க வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து ஒன்றும் தெரியாமல் போனது. கைவீச்சை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார். 1:52.03, உலக சாதனை. அதனால்தான் கொடிக்குக் கீழே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறேன். பார்க்க அலுப்பாக இருந்தால் கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஒரு விண்ணப்பம். டிஸ்குவாலிஃபை ஆகி வரும் பிள்ளையிடம் முதலில் நான் பேசுகிறேன். நல்ல நேரம் எடுத்து வந்தாலும் அப்படித்தான். குளத்தை விட்டு ஏறியதும் என்னிடம் வந்து, உடம்பு தணிய மெதுவாகக் கூல்-டவுன் நீந்திவிட்டு, அப்புறம் உங்களிடம் வரட்டும். கேலரிக் கம்பியில் சாய்ந்துகொண்டு போனில் எடுத்த வீடியோவைக் காட்டி "இங்க பாரு, இங்கதான் விட்ட" என்று சொல்லும் அப்பாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு அடுத்த ஹீட்ஸ் (தகுதிச் சுற்று) இருக்கும்.

நீச்சலுடை பற்றிக் கேட்கிறீர்கள். முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் ரேஸிங் சூட், விலை பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று போகிறது. 2009 ரோம் உலகப் போட்டியில் பாலியூரித்தேன் உடைகளைப் போட்டுக்கொண்டு ஒரே போட்டியில் 43 உலக சாதனைகளை உடைத்தார்கள். 2010 முதல் அந்த உடைகளுக்குத் தடை, இப்போது துணிதான். அந்தத் துணியிலும் கொஞ்சம் பலன் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் இருப்பவர்கள் சாதாரணப் போட்டிகளில் இதைப் போடக் கூடாது என்று 2020 முதல் விதியே வைத்துவிட்டார்கள். பதினோரு வயதுப் பெண் கழிவறையில் இருபது நிமிடம் அம்மாவோடு மல்லுக்கட்டி, நகம் பட்டுக் கிழிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே அதைப் போட்டு முடிப்பதற்குள் வார்ம்-அப் நேரம் போய்விடுகிறது. அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல கண்ணாடியும் காலில் மாட்டிப் பழகும் ஒரு ஜோடி ஃபின்ஸும் வாங்குங்கள், மீதியைப் பிள்ளை பேரில் போட்டு வையுங்கள். பதினாறில் கேட்டால் வாங்கிக்கொடுங்கள், நானும் சரி என்பேன்.

ஏன் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நெய்வேலியில் வளர்ந்த சாஜன் பிரகாஷைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் தரும் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர். 2021 ஜூனில் 200 மீட்டர் பட்டர்ஃபிளைக்கு வேண்டியது 1:56.48. அந்த மாதம் பெல்கிரேடில் 1:56.96 எடுத்தார், தகுதிக்கு அரை வினாடி குறை. சில நாள் கழித்து ரோமில் 1:56.38. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் வைத்து உள்ளே போனார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. நடுவில் கழுத்துக் காயம் வேறு. நம்மில் சிலர் சின்னப் பிள்ளைகளின் வயதுப் பிரிவான குரூப் மூன்றில் பதக்கம் வரவில்லை என்று பிள்ளையைப் பாட்மின்டனுக்கு மாற்றுகிறோம்.

இந்த வயதில் பக்கத்து லேன் பையன் ஜெயிப்பதற்குப் பாதிக் காரணம் அவனுக்கு மீசை முந்தி வந்ததுதான். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் சிக்கல். பதின்மூன்று, பதினான்கில் உடம்பு மாறும்போது ஒரு வருடம், ஒன்றரை வருடம் நேரம் அப்படியே நின்றுவிடும். சில பேருக்குக் கூடவும் செய்யும். அந்த நேரத்தில்தான் வீட்டில் "போதும் விடு, படிப்பைப் பார்" என்று குளத்தை நிறுத்துகிறார்கள். ஒரு வருடம் பொறுத்தால் பலருக்கு நேரம் மறுபடி இறங்கத் தொடங்கும். போட்டி நாளில் மாதவிலக்கு வருமோ என்ற கவலையை உங்கள் பெண் என்னிடம் சொல்ல வெட்கப்படலாம். நம் உதவிக் கோச் அக்காவிடம் முன்கூட்டியே பேசச் சொல்லுங்கள். அதற்காகப் பெயரைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. நாள் தள்ளிப்போக மாத்திரை கொடுக்கும் யோசனையை டாக்டரைக் கேட்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பேசுகிறேன். முழுதாக நிறுத்த வேண்டாம், வாரம் மூன்று காலை போதும் என்பது மட்டும் இப்போதைக்கு.

கடைசியாக ரிலே. 4×100 ஃப்ரீஸ்டைல், நாலு ஸ்ட்ரோக்கும் கலந்த 4×100 மெட்லி இரண்டுக்கும் அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு டிரயல் வைத்திருக்கிறேன். நேரம் எடுக்கும் வரிசையில் நாலு பேர், கூட ஒரு மாற்று ஆள். முன்னால் வருபவர் சுவரைத் தொடும் முன் அடுத்தவர் கால் பிளாக்கை விட்டால் நாலு பேரும் வெளியே, அதனால் டேக்-ஓவர் ஒழுங்காகச் செய்கிறார்களா என்பதையும் பார்ப்பேன். மாற்று ஆளும் எங்களோடு பஸ்ஸில் வருகிறார், எங்களோடு வார்ம்-அப் செய்கிறார், டி-ஷர்ட்டும் உண்டு. பட்டியலை அன்று மாலை போர்டில் ஒட்டிவிடுவேன். அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்ய நினைப்பவர்கள் சனிக்கிழமை காலை பயிற்சி முடிந்ததும் நேரில் வாருங்கள். ஸ்டாப்வாட்ச் எழுதிய தாள் கையில் இருக்கும், சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் நீச்சல் கோச்