தூர்வாருவதைக் கடல் பக்கமிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டாவில் வெள்ளத்தைத் தடுக்க இன்னும் நிறையத் தடுப்பணைகள் வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொள்ளிடத்தில் தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறதே என்ற ஆதங்கம் நியாயம்தான். ஆனால் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையில் இருக்கிற எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் தொல்லையே வேறு. வந்த தண்ணீர் போக மாட்டேன் என்கிறது.

எங்கள் ஊரில் பெய்யும் மழை மட்டும் என்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம். மேலே திருவாரூர் மாவட்டத்து வயல்களில் வடிவதும் அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு, பாண்டவையாறு வழியாக இந்தப் பக்கம்தான் இறங்குகிறது. இங்கே பல வயல்கள் கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. நம் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள் என்றாலும், இவ்வளவு தட்டையான நிலத்துக்கு அதுவே அதிகம். ஓதம் ஏறும் நேரத்தில் ஆறு அப்படியே நின்றுவிடும். அமாவாசை, பௌர்ணமி என்றால் இன்னும் மோசம். அதோடு வங்கக்கடலில் ஒரு புயல் சின்னமும் சேர்ந்துகொண்டால், கடல் நீர் எதிர்த்து உள்ளே வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இப்போது தூர்வாரும் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்க வேண்டும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று சித்திரை, வைகாசியில் பொக்லைன் இறங்குகிறது. பாசனத்துக்கான ஆறும் வாய்க்காலும்தான் முதலில். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர வேண்டும் என்பதே நோக்கம் என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வயலில் தேங்குவதை வெளியேற்றும் வடிவாய்க்காலுக்கு முறை வருவதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது, வேலை நின்றுவிடுகிறது. ஒருவேளை முறை வந்து வாரினாலும், ஆடி, ஆவணியில் வரும் தண்ணீரோடு ஆகாயத்தாமரையும் மிதந்து வந்து, புரட்டாசிக்குள் பழையபடி மூடிக்கொள்ளும். மழைக்காலம் தொடங்குவதற்கு ஐந்து மாதம் முன்பு வடிகாலைச் சுத்தம் செய்து என்ன பிரயோசனம்?

எங்கள் வயலுக்குப் பின்னால் போகும் வடிவாய்க்காலை ஐப்பசியில் வந்து பார்த்தால் தண்ணீரே தெரியாது. பச்சையாக ஒரே பரப்பு, அதன்மேல் கொக்கு நடந்து போகும். மூங்கில் கழியை விட்டுத் தள்ளினால் ஓர் ஆள் அகலத்துக்குப் பிரியும், கழியை எடுத்ததும் கூடிக்கொள்ளும். இரண்டு கரையிலும் நெய்வேலிக் காட்டாமணக்கு சாய்ந்து கிடக்கும். இவை எல்லாம் பாலித்தீன் பை, தென்னை மட்டையோடு சேர்ந்து, சாலைக்கு அடியில் போட்ட குழாயின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். சாலையை மட்டும் ஒவ்வொரு முறையும் உயர்த்திப் போடுகிறார்கள், குழாய் பழைய குழாய்தான். பெருமழை விட்ட மறுநாள் அந்தச் சாலையில் நின்றால், மேற்கே ஒரு முழம் உயரமாகவும் கிழக்கே தாழ்வாகவும் தண்ணீர் நிற்பதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். மேற்கே இருப்பது நட்டு ஒரு மாதமான சம்பா.

இளம் பயிர் மூன்று, நான்கு நாள் முழுகிக் கிடந்தால் பிழைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் அழுகல்தான். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழையை எந்த வாய்க்காலும் உடனே வாங்கிக்கொள்ளாது, யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. அந்தத் தண்ணீர் நாலு நாளில் வடிகிறதா, பத்து நாள் நிற்கிறதா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அந்த வருஷம் இருக்கிறது. இரண்டு வாரம் முழுகினாலும் மீண்டு வரும் சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகங்கள் வந்திருக்கின்றன, நல்லதுதான். ஆனால் விதை மாறினால் போதும் என்று பேசுகிறவர்கள், தெருவிலும் அடுப்படியிலும் நிற்கும் தண்ணீருக்கு என்ன ரகம் என்று சொல்வதில்லை.

அதனால் நான் கேட்பது இரண்டாவது சுற்று. புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு முன்பு, வடிகால்களுக்கு மட்டும். அதையும் முகத்துவாரத்தில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டு வர வேண்டும். கீழே அடைத்திருக்கும்போது மேலே வாரினால், மேல் ஊர்த் தண்ணீர் இன்னும் வேகமாக எங்கள் தலையில் வந்து நிற்கும், அவ்வளவுதான். கோடையில் ஆற்றில் ஓட்டம் இல்லாததால் கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தைத் திட்டாக்கிவிடுகிறது. அதை வெட்டித் திறந்துவிட மீனவர்களும் கேட்கிறார்கள், அவர்களுக்குப் படகு போக வழி வேண்டும். விவசாயியும் மீனவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடக்கூடிய விஷயம் இது. ஏன் இன்னும் போடவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

ஆழமாக வெட்டினால் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வடிகால் கடலில் சேரும் வாய்மடையில் சரியான கதவு இல்லாமல் ஆழப்படுத்தினால், கோடையில் உப்புத் தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியே உள்ளே ஏறும். அடிபம்பில் வரும் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாற்றுப் பகுதியில் நடந்த திட்டத்தில், மேலே சொன்ன ஆறுகளோடு வளவனாறு வடிகாலும் வேதாரண்யம் கால்வாயும் சேர்க்கப்பட்டன. நல்ல யோசனை. ஆனால் கட்டிடம் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. சட்ரஸை, அதாவது மதகுக் கதவை, யார், எப்போது தூக்குவது? ஓதம் இறங்கும் நேரம் நடுராத்திரி இரண்டு மணி என்றால், அந்த நேரத்தில் தூக்கி, ஏறுவதற்குள் இறக்க வேண்டும். ஒரு மழை இரவில் எங்கள் பக்கத்தில் சட்ரஸ் இறங்கியே கிடந்தது. மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் ஒருவர், அவருக்குப் பொறுப்பு பல இடம், சைக்கிள் போகும் பாதை தண்ணீருக்குள். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஊரில் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து, அவருக்குத் துணையாக வைத்து, மழைக்காலத்துக்கு மட்டும் கூலி கொடுத்தால் என்ன? தூர்வாரும் செலவோடு பார்த்தால் அது ஒரு தொகையே இல்லை.

இறால் குட்டை பற்றியும் சொல்லியாக வேண்டும். 1996-இல் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகள் பற்றித் தீர்ப்புச் சொன்ன வழக்கு, நம் பகுதியின் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்தது. அதற்குப் பின்னும் வடிகால் ஓரத்தில் குட்டையின் கரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே வருவதைப் பார்க்கிறோம். அளந்து கல் நட்டுவிட்டால் சண்டை குறையும்.

கஜா புயல் வந்த 2018 நவம்பர் 16 விடியற்காலையை இங்கே யாரும் மறக்கவில்லை. முன்கூட்டியே புயல் பாதுகாப்பு மையங்களுக்குப் போனதால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். அந்த ஏற்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். இப்போது அந்தக் கட்டிடங்களின் சாவி யாரிடம், ஜெனரேட்டர் ஓடுகிறதா, பெண்கள் பக்கத்துக் கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்பதை ஐப்பசி முதல் தேதிக்குள் ஊராட்சியில் எழுதி ஒட்டினால் போதும்.

முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குள் மீன் முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, ஓதத் தண்ணீர் போய்வர வழி செய்ததும், பட்டுப்போய்க் கிடந்த இடங்களில் காடு திரும்ப வந்தது. கடலோடு மல்லுக்கட்டாமல் அதன் நேரத்துக்கு ஏற்ப வேலை செய்ய நம் ஆட்களுக்குத் தெரியும். வயல் பக்கம் மட்டும் அதைச் செய்ய மாட்டோம் என்கிறோம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று தினமும் போடுகிறீர்கள், நாங்களும் காலையில் காபியோடு அதைத்தான் முதலில் பார்க்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நாகப்பட்டினத்தில் ஓதம் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அதற்குப் பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். நாகைப் பதிப்பில் மட்டுமாவது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தலைஞாயிறு வட்டாரம், நாகப்பட்டினம் மாவட்டம்