இஷாப்பூர் ரைஃபிள விட்டுட்டீங்களே சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, அமெரிக்காக்காரங்க கம்மி காசுல ‘ஸ்கௌட் ரைஃபிள்’ கட்டுறதப் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. நான் போலீஸ் ஆயுதப்படையில ஆர்மரரா (துப்பாக்கிய செக் பண்ணி ரிப்பேர் பாக்குறவன்) இருந்து ரிட்டயர்டு ஆனவன், தண்டையார்பேட்டைல குடியிருக்கேன், சர்வீஸ் முழுக்க த்ரீ நாட் த்ரீ (.303), செவன் சிக்ஸ் டூ (7.62) ரைஃபிளுங்கதான் கையில. அந்தக் கட்டுரைய எழுதுனவரு துப்பாக்கிய போட்டோவுல மட்டும்தான் பாத்திருப்பாரு போல. லெட்டர் கொஞ்சம் நீளம், வெட்டுறதா இருந்தா ஆரம்பத்துல வெட்டுங்க, நடுவுல கை வைக்காதீங்க.

குட்டையான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு ரவைக்கும் கைப்பிடிய கையால இழுத்துத் தள்ளணும்), அதுல ஸ்கோப்ப (குறி பாக்குற தொலைநோக்கி) முன்னாடி தள்ளி மாட்டுனா ஸ்கௌட்னு எழுதியிருக்காரு. அது பாதிதான் சார். இந்த ஐடியா ஜெஃப் கூப்பர்னு ஒரு ரிட்டயர்டு மரைன் ஆபீசரோடது, 1976ல அரிசோனாவுல கன்சைட்னு ட்ரெய்னிங் ஸ்கூல் ஆரம்பிச்சவரு. 1983ல கொஞ்சம் பேர கூட்டி வச்சு உக்காந்து பேசி, ஒருத்தன் தனியா காடு மலைன்னு நடந்து திரியிறான், அவன் கையில ஒரே ஒரு ரைஃபிள்தான் இருக்கணும்னா அது எப்பிடி இருக்கணும்னு கணக்குப் போட்டாங்க. நீளம் 1 மீட்டருக்கு மேல போகக்கூடாது, ஸ்கோப்பு வாரு எல்லாம் சேத்து எடை 3 கிலோ, ரொம்பப் போனா மூணரை, குண்டு 308 வின்செஸ்டர், 200 கெஜத்துல போடுற மூணு ரவையும் 4 இஞ்சுக்குள்ள உக்காரணும். அவரு முதல்ல கட்டுனது ரெமிங்டன் 600னு ஒரு குட்டி ரைஃபிள வச்சு. அவரு ஒத்துக்கிட்ட மாதிரியே ஒரு கம்பெனி ஃபேக்டரியில செஞ்சு வித்தது ஆஸ்திரியாவோட ஸ்டெயர், அதுவும் தொண்ணூறு கடைசியிலதான் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. அதோட விலைய கேட்டு ஓடுனவங்கள்ல நிறைய பேரு ‘கம்மி காசு ஸ்கௌட்’னு தனியா கட்டிக்கிட்டாங்க.

ஸ்கோப்பு முன்னாடி போறதுக்கும் காரணம் இருக்கு, ஸ்டைலுக்கு இல்ல. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சு குறி பாக்கலாம், ஒரு கண்ணுல ஸ்கோப்பு, இன்னொரு கண்ணுல சுத்தி நடக்குறது எல்லாம் தெரியும். மேல இடம் காலியா இருக்கறதால கிளிப்புல இருந்து ரவைய அப்பிடியே தள்ளிடலாம், நடக்கும்போது ரைஃபிள நடுவுல ஒரே கையால பிடிச்சுக்கலாம். அதுக்காக பவர் 2, 3தான் இருக்கும், 9 பவர் ஸ்கோப்ப தூக்கி அங்க வச்சா ஒண்ணும் தெரியாது. குறையும் உண்டு, வெயில் முதுகுப் பக்கம் இருந்து அடிச்சா பின்னாடி லென்ஸ்ல கிளேர் அடிக்கும், மங்குன வெளிச்சத்துலயும் சாதா ஸ்கோப்பு அளவுக்கு வராது. இப்பல்லாம் நிறைய பேரு சாதா ஸ்கோப்பயே பின்னாடி மாட்டிட்டு அதையும் ஸ்கௌட்னுதான் சொல்லிக்கறாங்க. எடை சரியா இருந்தா எனக்கு அதுல ஆட்சேபணை இல்ல.

இப்ப என் மெயின் வருத்தத்துக்கு வரேன். அமெரிக்காக்காரன் கம்மி காசுல ஸ்கௌட் கட்ட ஆசையா தேடிப் போன பழைய ராணுவ ரைஃபிள்ல ஒண்ணு நம்ம நாட்டுது! மேற்கு வங்கத்துல இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில செஞ்ச 2ஏ1. கட்டுரையில மௌசர் வருது, ரஷ்யாவோட மோசின் நாகன்ட் வருது, இஷாப்பூர் பேரு ஒரு இடத்துலகூட வரல. 1962 சீனா சண்டை முடிஞ்ச கையோட, பிரிட்டிஷ் ராணுவத்தோட பழைய லீ என்ஃபீல்டு (த்ரீ நாட் த்ரீ) டிசைன்லயே ஆனா புது நேட்டோ குண்டான 7.62க்கு (308ம் கிட்டத்தட்ட அதே குண்டுதான்) ஏத்த மாதிரி செஞ்சது அது. பழைய த்ரீ நாட் த்ரீய தேச்சு மாத்துனதுன்னு அமெரிக்காவுலயே பாதி பேரு நெனச்சுக்கிட்டிருக்கான், அது தப்பு, குண்டோட பிரஷர் ஜாஸ்திங்கறதால நல்ல ஸ்டீல் போட்டு புதுசா செஞ்ச ரைஃபிள். மேகசின் 12 ரவை. லீ என்ஃபீல்டு போல்ட்ட இழுத்துப் பாத்தவனுக்குத் தெரியும், கம்மியாதான் திருப்பணும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் போதும், அந்த வேகம் மௌசர்ல வராது. (நம்ம திருவொத்தியூர்ல 1955ல வந்துச்சே புல்லட் பைக் கம்பெனி, அதுக்கும் என்ஃபீல்டுன்னு பேரு வந்தது இங்கிலாந்துல என்ஃபீல்டு ஊரு அரசாங்க ரைஃபிள் ஃபேக்டரிக்கு பார்ட்ஸ் சப்ளை பண்ணுன தொடர்புலதான். வடசென்னை வாசகருக்காக இதையாச்சும் ஒரு வரி போட்டிருக்கலாம்.)

சரி, நம்ம நாட்டுதுன்னு பெருமை பேசிட்டுப் போக நான் எழுதல. 2ஏ1 எடை கிட்டத்தட்ட 4.7 கிலோ, நீளம் 113 சென்டிமீட்டர். கூப்பர் சொன்ன கணக்குக்கு வரணும்னா ஒண்ணேகால் கிலோவுக்கு மேல குறைக்கணும், நீளத்துல 13 சென்டிமீட்டர் போகணும். பேரல வெட்டு, கட்டைய கழட்டிட்டு ஃபைபர் மாட்டு, ஸ்கோப்ப மாட்ட முன்னாடி ஒரு இரும்புப் பட்டி (ரெயில்) போடு, முன் சைட்ட புதுசா வையி. ஒவ்வொண்ணுக்கும் அந்த ஊருல கன்ஸ்மித்துக்கு கூலி. எல்லாம் முடிஞ்சு பாத்தா ரைஃபிளுக்குக் குடுத்தத விட வேலைக்குக் குடுத்தது ஜாஸ்தியா நிக்கும், எடை அப்பவும் 3 கிலோவுக்கு வராது, ஏன்னா இரும்பு அதே இரும்புதான். கட்டுரை ‘மலிவு’ன்னு தலைப்பு வச்சதே இங்கதான் இடிக்குது. விவரம் தெரிஞ்சவன் பழசை விட்டுட்டு, சேவேஜ், ரூகர் மாதிரி கம்பெனிங்க செய்யுற சாதா மாடல் குட்டை ரைஃபிள கடையில வாங்கி, லேசான ஸ்கோப்பும் நல்ல வாரும் போட்டு நிறுத்திக்கறான். ரூகர் 2011ல கன்சைட் பேரு போட்டே ஒரு ஸ்கௌட் இறக்குனான், அதுவே ஸ்கோப்பு போடாம மூணே கால் கிலோ பக்கம் வருது.

இன்னொண்ணு, படிச்சப்ப எனக்கு பக்குன்னு ஆனது. ‘கைவினை ஆர்வம் உள்ளவர்கள் வீட்டிலேயே’ன்னு ஒரு வரி. அங்க வீட்டுலன்னா கடையில சட்டப்படி வாங்குன ரிசீவர்ல (போல்ட் ஓடுற நடு உடம்பு) மத்த பார்ட்ஸ மாட்டுறது, இங்க படிக்கறவனுக்கு அப்பிடியா புரியும்? வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் லேத்து பட்டறையில எத வேணா கடைஞ்சு குடுக்குற பசங்க இருக்காங்க, அவனுங்க கைவேலைக்கு நான் கும்பிடு போடுவேன். ஆனா இது பழைய இன்ஜின எடுத்து மீன்பாடி வண்டியில மாட்டுற வேலை இல்ல. வண்டி நின்னா இறங்கித் தள்ளலாம். 308 குண்டு வெடிக்கும்போது உள்ள பிரஷர் 60,000 பிஎஸ்ஐ வரைக்கும் போகும், உங்க கார் டயர்ல இருக்கறது 32, அது மொத்தமும் கன்னத்துல இருந்து ஒரு சாண் தூரத்துல நடக்குது. ஹெட்ஸ்பேஸ்னு ஒரு அளவு, போல்ட்டுக்கும் அறைக்கும் நடுவுல ரவை உக்காருற இடம், அது அளவுக்கு மேல போயிட்டா ரவையோட பித்தளை உறை கிழிஞ்சு சூடான புகை மூஞ்சிக்கு வரலாம். அதுக்குன்னே கேஜ் வச்சு செக் பண்ணாத ரைஃபிள நாங்க ரேஞ்சுக்கே அனுப்ப மாட்டோம்.

சட்டத்த விட்டுட்டது அதவிடப் பெரிய தப்பு. ஆயுதச் சட்டம் 1959, லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி செஞ்சா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். பேரல வெட்டிக் குட்டையாக்கறதுக்கே 6ஆம் பிரிவுன்னு தனியா இருக்கு, லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கவனும் அதுக்குன்னு தனி லைசென்ஸ் இல்லாம ரம்பத்த எடுக்க முடியாது. 7.62வும் த்ரீ நாட் த்ரீயும் நம்ம ஊருல சிவிலியனுக்கு தடை செஞ்ச ‘போர்’ (குழல் துளை அளவு). ஆக இஷாப்பூர்ல செஞ்ச ரைஃபிள அரிசோனாக்காரன் வாங்கி ஸ்கௌட் ஆக்கலாம், இஷாப்பூர்க்காரன் தொட முடியாது. இத ஒரு பெட்டிச் செய்தியா போட்டிருந்தா எனக்கு இந்த லெட்டர் எழுதுற வேலையே வந்திருக்காது.

நான் கேக்குறது வேற. தடை இல்லாத 315 போர்ல, அதே லீ என்ஃபீல்டு ஆக்‌ஷன்ல, ஆர்டினன்ஸ் ஃபேக்டரி சிவிலியனுக்கு ஸ்போர்ட்டிங் ரைஃபிள் ரொம்ப காலமா செய்யுது, தர்ட்டி நாட் சிக்ஸும் செய்யுது. ராணுவக் குண்டு தடையா இருக்குற நாட்டுக்கு 7 எம்எம்-08ங்கற வேற குண்டு வச்சுக்கலாம்னு கூப்பரே வழி சொல்லியிருக்காரு, அதனால 308 இல்லன்னா ஸ்கௌட் இல்லன்னு யாரும் சண்டைக்கு வர முடியாது. 2021 அக்டோபர்ல ஃபேக்டரிங்கள ஏழு கம்பெனியா பிரிச்சாங்க, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதுல ஒண்ணுக்குக் கீழ வந்துடுச்சு, வியாபாரம் பாருன்னு சொல்லித்தான் பிரிச்சாங்க. அப்ப ரைஃபிள் கிளப் மெம்பருக்கும், லைசென்ஸ் வச்சிருக்கற ரிட்டயர்டு ராணுவக்காரருக்கும் 1 மீட்டருக்குள்ள, 3 கிலோ பக்கத்துல, நம்ம போர்ல ஒரு லேசான ரைஃபிள் ஏன் செய்யக்கூடாது? வேட்டை வனவிலங்குச் சட்டத்தால முடிஞ்சுபோச்சு, வாங்குற ஆளு கம்மிதான், தெரியும். ஆனா இப்ப விக்கற 315ஐ தூக்கிப் பாத்த யாரும் அத லேசுன்னு சொல்ல மாட்டாங்க. டிசைன் ஆரம்பத்துலயே எடைய குறைச்சு ஃபேக்டரியில செஞ்சா மட்டும்தான் ஸ்கௌட் மலிவா வரும், பழசை வெட்டி ஒட்டி வராது.

உங்க நிருபர் யாராச்சும் திருச்சி பக்கம் போனா இத அந்த ஜெனரல் மேனேஜர் கிட்ட ஒரு கேள்வியா கேட்டு, அவரு சொல்ற பதில அப்பிடியே போடுங்க சார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆர்மரர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81.