புது சேர்வோ வாங்க முதல்

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு பின்னேரம்

மச்சான்,

உன்ட கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இஞ்ச கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது, கதவைத் திறந்தால் வீடு முழுக்கப் புழுதி. மற்றப் புதினங்களை மறுகா எழுதுகிறேன். நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் மகன்ட ரிமோட் கார் பற்றித்தான் எழுதியிருக்கிறாய், அதனால் நேரே அதுக்கு வாறன்.

சுவிட்ச் போட்டதும் முன்சில்லு இரண்டும் இடப்பக்கம் முழுக்கத் திரும்பி "ங்ங்ங்" என்று முனகிக்கொண்டு நிற்கிறது. ரிமோட்டைத் திருப்பினால் சில நேரம் நடுங்கி நடுங்கி நடுவுக்கு வருகிறது, சில நேரம் அசையவே இல்லை. இதுதானே? அப்படியென்றால் இனிமேல் முனகல் கேட்ட உடனே சுவிட்சை நிப்பாட்டு. நீ எழுதிய எம்.ஜி 996 ஆர் சேர்வோ (முன்சில்லைத் திருப்பும் மோட்டர்ப் பெட்டி) 6 வோல்ட்டில் முட்டிக்கொண்டு நின்றால் 2.5 அம்பியர் வரை இழுக்கும். அந்தக் கரண்ட் முழுக்க உள்ளேயிருக்கும் சின்ன மோட்டரையும் மின்சுற்றுப் பலகையையும் சூடாக்கவே போகும். இப்போது திருத்தக்கூடிய நிலையில் இருக்கும் சேர்வோ, மகன் இன்னும் பத்து நிமிசம் "சரிவருதா பார்ப்பம்" என்று போட்டுப் பார்த்தால் எரிந்துவிடும்.

கொழும்புக்கு ஓடர் போடுவதையும் கொஞ்சம் பொறு. சேர்வோ தானாகச் சாவது குறைவு. இறுகிய இணைப்பு, மணல், உப்புத் தண்ணி, அளவுக்கு மிஞ்சித் திருப்பும் ரிமோட் செட்டிங் என்று வெளியில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் அதைக் கொல்லும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுசைப் பூட்டினால் அதுவும் இரண்டு மாதத்தில் இதே இடத்துக்கு வரும்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். காருக்குள் இருந்து ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், சேர்வோவுக்கு 20 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை ஒரு துடிப்பு அனுப்பும். துடிப்பு 1.5 மில்லிசெக்கன் நீளம் என்றால் நடு; 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மற்றப் பக்கம். கடைசிப் பல்லுச்சில்லின் அடியில் ஒரு பொட் இருக்கிறது, பழைய ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ் மாதிரி. அச்சு எங்கே நிற்கிறது என்று பலகைக்குச் சொல்வது அதுதான். கேட்ட இடமும் நிற்கும் இடமும் ஒத்துப்போகும்வரை மோட்டர் ஓடும். ஆகவே முனகிக்கொண்டு நிற்பதென்றால், சொன்ன இடத்துக்குப் போக விடாமல் ஏதோ தடுக்கிறது, இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்தது அதுக்குத் தெரியவில்லை.

பெட்டியைத் திறக்க முதல் ரிமோட்டைப் பார். டிரிம் குமிழ் (நடுவைச் சரிசெய்வது) நடுவிலா, டீ.ஆர் குமிழ் (சில்லு எவ்வளவு திரும்பலாம் என்று வைப்பது) எங்கே நிற்கிறது? பிள்ளைகளின் கைக்கு முதலில் போவது அந்தக் குமிழ்கள்தான். டீ.ஆர் பூச்சியத்தில் கிடந்தால் நல்ல சேர்வோவும் திரும்பாது. டிரிம் ஓரத்தில் கிடந்தால் கார் ஒரு பக்கமே இழுக்கும். இதற்கு அரை நிமிசம் போதும்.

மறுகா இணைப்பு. சேர்வோவின் கையை (ஹோர்ன் என்கிறோமே, அது) பிடித்திருக்கும் நடு ஸ்குரூவைக் கழற்றி, கையை அச்சிலிருந்து மேலே தூக்கி எடு. இப்போது முன்சில்லுகளை ஒரு விரலால் இடமும் வலமும் தள்ளு. தடங்கலில்லாமல் போய்வர வேண்டும். எங்கேயாவது பிடித்தால் அங்கேதான் வியாதி தொடங்கியிருக்கிறது: சில்லுத் தாங்கி சுழலும் முளையில் மணல், வளைந்த கம்பி, அளவுக்கு மிஞ்சி இறுக்கிய ஸ்குரூ. கழுவித் துடைத்துக் காயவிடு. எண்ணெய் மட்டும் போடாதே. எண்ணெய் மணலைப் பிடித்து வைத்து அரைக்கும் பசையாக்கிவிடும். எங்கட கரைகளில் ஓடும் காருக்கு இந்த மூட்டுகள் காய்ந்தே இருக்கட்டும்.

உங்கட திருக்கோவில் கரையில் இன்னொரு தொல்லை உண்டு. அலை ஒதுங்கும் இடத்தில் கறுப்புக் கோடாகக் கிடக்கும் இல்மனைற்று மணலில் காந்தத்தில் ஒட்டும் மணிகள் இருக்கின்றன. காரை ஓட்டும் பெரிய மோட்டருக்குள் காந்தம் இருப்பதால், மூடியின் காற்று ஓட்டைகளில் அந்த மணிகள் மொய்க்கும், உள்ளேயும் போகும். தூரிகையால் தட்டினால் போகாது. ஒட்டுநாடாவை அழுத்தி உரித்து எடு. சேர்வோவின் மோட்டர் பெட்டிக்குள் இருப்பதால் அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் பெட்டிப் பொருத்து இளகியிருந்தால் அதற்குள்ளும் போகும்.

கை கழன்ற நிலையில் கரண்ட் போட்டுப் பார். இப்போது சேர்வோ ரிமோட்டுக்கு ஒழுங்காக ஆடினால் குற்றம் இணைப்பில். அப்போதும் ஒரு ஓரத்துக்கு ஓடி முனகினால் கீழே சொல்வதைச் செய்.

முதலில் காரை ஒரு டப்பாவின் மேல் வைத்து, ஈ.எஸ்.சியிலிருந்து (காரை ஓட்டும் மோட்டரின் வேகத்தை ஆளும் பெட்டி) பெரிய மோட்டருக்குப் போகும் வயர்களைக் கழற்றி விடு. இதை மறக்காதே, சில்லு திடீரென்று சுழன்றால் விரல் போகும். பிறகு ஈ.எஸ்.சியின் சொருகியை ரிசீவரின் 3ஆம் சனலில் போடு. எல்லாச் சனலுக்கும் பிளஸ், மைனஸ் ஒன்றுதான் என்பதால் ரிசீவருக்குக் கரண்ட் வரும். ஸ்டியரிங் சேர்வோவை 2ஆம் சனலில் போட்டு, ரிமோட்டின் திரொட்டில் (வேகம் கூட்டும்) விசையை இழுத்துப் பார். 2இல் நல்லாக ஆடி, வழமையான 1இல் ஆடாவிட்டால் சேர்வோவில் குற்றமில்லை. ரிசீவரின் 1ஆம் சனலோ, ரிமோட் வட்டின் அடியில் இருக்கும் பொட்டோ பழுது. ரிமோட்டுக்குள்ளும் அதே வகைப் பொட் இருப்பதை அநேகமானோர் மறந்துவிடுகிறார்கள். இரண்டிலும் ஒரே குழப்பம் என்றால் சேர்வோ, அல்லது அதுக்கு வரும் கரண்ட்.

கரண்டை மல்டிமீட்டரால் பார். டீ.சி 20 வோல்ட்டில் வைத்து, சும்மா கிடக்கும் சனலில் நடு ஊசிக்கும் மைனஸ் ஊசிக்கும் இடையில் அள. ஈ.எஸ்.சியைப் பொறுத்து 5 அல்லது 6 வோல்ட் காட்டும். சேர்வோ ஆடும்போது 4.5க்குக் கீழே இறங்கினால் கரண்ட் போதவில்லை. மீட்டர் மெதுவானது, கண நேர இறக்கங்களைக் காட்டாது. அதனால் ரிசீவரின் சிவப்பு விளக்கையும் பார்த்துக்கொள். சேர்வோ திரும்பும்போது விளக்கு மின்னினால் ரிசீவர் அணைந்து அணைந்து வருகிறது. நடுக்கத்துக்கு இது பெரிய காரணம், குறிப்பாக 1 அம்பியர் மட்டும் தரும் மலிவு ஈ.எஸ்.சியில் இந்தப் பெரிய சேர்வோவைப் பூட்டியிருந்தால். சோதிக்க, நாலு பென்டோர்ச் பற்றரியை வரிசையாகப் போட்டு 6 வோல்ட் எடுத்து ரிசீவருக்குக் கொடு. அப்போது ஈ.எஸ்.சி சொருகியின் நடுச் சிவப்பு வயரை மட்டும் கழற்றி ஒட்டுநாடா சுற்றி விட வேண்டும், இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் முட்டக்கூடாது. காரின் லிப்போ பற்றரியை நேரே கொடுத்துவிடாதே. இரண்டு செல் லிப்போ நிறைந்திருக்கும்போது 8.4 வோல்ட், இந்தச் சேர்வோவுக்கு மேல் எல்லை 7.2.

பற்றரியில் சரியாக வேலை செய்தால், 1000 மைக்ரோபரட் 16 வோல்ட் கப்பாசிட்டர் ஒன்றைச் சும்மா கிடக்கும் சனலில் சொருகலாம். வெள்ளைக் கோடு உள்ள கால் மைனஸ்; மாறிப் போட்டால் வெடிக்கும். கண நேர இறக்கத்தை இது தாங்கும். ஈ.எஸ்.சியே பலவீனம் என்றால் கப்பாசிட்டர் எத்தனை போட்டும் பிரயோசனமில்லை.

வயரையும் விட்டுவிடாதே. சேர்வோ பெட்டியிலிருந்து வெளியே வரும் இடத்தில் உறை நல்லாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். கரண்ட் போட்டபடி அந்த இடத்தை மெல்ல வளைத்துப் பார். வளைக்கும்போது உயிர் வந்து போனால் கண்டுபிடித்துவிட்டாய்.

இதெல்லாம் சரி, இன்னும் ஓரத்தில் நின்று முனகுகிறது என்றால் பெட்டியைத் திற. நீ சொன்ன அடையாளத்தைப் பார்த்தால் அநேகமாக இங்கேதான் வந்து நிற்பாய். அடியில் நாலு நீள ஸ்குரூ. மேல்மூடியை நேரே மேலே தூக்கு, பல்லுச்சில்லுகள் இருக்கும் ஒழுங்கைத் தொட முதல் போனில் ஒரு படம் எடு. ஒவ்வொன்றாக எடுத்துப் பற்களைப் பார். கறகறச் சத்தம் கேட்டு சில்லு திரும்பாமல் இருந்தால் பல் தேய்ந்திருக்கும், உடைந்திருக்கும். உன்ட காரில் அந்தச் சத்தம் இல்லை, ஆகவே நீ முக்கியமாகப் பார்க்க வேண்டியது கடைசிச் சில்லின் அடிப்பக்கம். பொட்டின் தட்டையான அச்சு அதன் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். பள்ளம் தேய்ந்து வழுக்கினால் சில்லு சுற்றும், பொட் சுற்றாது. சேர்வோ ஓரத்தில் போய் முட்டும்வரை ஓடும்.

அது இறுக்கமாக இருந்தால் பொட்டை அள. கரண்ட் இல்லாமல், மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, ஓரக் கால்கள் இரண்டுக்கும் இடையில் 5 கிலோ ஓம் அளவில் வரும். பிறகு ஒரு முனையை நடுக்காலுக்கு மாற்றி அச்சை மெதுவாகச் சுற்று. பலகையோடு சேர்த்து அளக்கும்போது எண் குறைவாகக் காட்டலாம், அது பரவாயில்லை. துள்ளாமல் ஏறி இறங்குகிறதா என்று பார். நடுவில் திடீரென்று எண் பாய்ந்தாலோ காணாமல் போனாலோ உன்ட நடுக்கத்துக்கு அதுதான் காரணம். எலக்ட்ரோனிக் கடையில் விற்கும் கொன்டாக்ட் கிளீனரை பொட்டின் இடுக்கில் ஒரு விசிறல் விட்டு, முப்பது நாற்பது தடவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சுற்று. சாதாரண டபிள்யூ.டி 40 வேண்டாம், அது விட்டுப்போகும் எண்ணெய்ப்படலம் தூசியைப் பிடிக்கும். கிளீனர் போட்டு ஒரு கிழமையில் நடுக்கம் திரும்பி வந்தால் உள்ளே தடம் தேய்ந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கழுவி நேரத்தை வீணாக்காதே.

பொட் நல்லது என்றால் மோட்டர். பல்லுச்சில்லுகளைக் கழற்றிய நிலையில் மோட்டரின் இரண்டு காலிலும் 3 வோல்ட்டைத் தொட்டு எடு, மாற்றியும் தொடு. இரண்டு திசையும் ஓடவேண்டும். மோட்டரும் பொட்டும் நல்லவை, ஆனால் ஒரு திசை மட்டுமே போகிறது என்றால் பலகையில் பாதி எரிந்துவிட்டது. மணந்து பார், தெரியும். அதைத் திருத்த நினைக்காதே.

ஒன்று கேட்க மறந்தேன்: சேர்வோவை முன்னம் யாராவது திறந்து வயர் ஒட்டினார்களா? மோட்டரின் இரண்டு வயரும் இடம் மாறி ஒட்டப்பட்டால் இதே நோய்தான் வரும். நடுவுக்குப் போக வேண்டியது எதிர்ப்பக்கம் ஓடி முட்டிக்கொண்டு நிற்கும்.

பலகையில் பச்சை பூத்திருந்தால் அது கடல் தண்ணி. உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் காயாது. பற்றரிக்கு விடும் டிஸ்டில்ட் வோட்டரால் (அசிட் இல்லை, போத்தலைப் பார்த்து வாங்கு) பலகையைக் கழுவி, ஐசோபுரொப்பைல் அல்ககோலை மென்மையான தூரிகையில் தொட்டுத் தேய்த்து, நிழலில் ஃபான் காற்றில் ஒரு நாள் விடு. பூட்டும்போது பல்லுச்சில்லுகளுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம், மூடிப் பொருத்தில் சுற்றிவரக் கிரீஸ் ஒரு கோடு. இந்தச் சேர்வோ தண்ணி புகாதது இல்லை. கிரீஸ் தெறிக்கும் துளியைத் தாங்கும், அலையைத் தாங்காது.

புதுசுதான் வேண்டும் என்று வந்தால்: 40 மில்லிமீட்டர் நீளமான வழமையான அளவு, அச்சில் 25 பல். பல் எண்ணிக்கை 23, 24 என்றும் வரும், பழைய கை அதில் ஏறாது. பெட்டியில் திருப்பும் விசை 20 கிலோ, 25 கிலோ என்று அடித்திருப்பதை நம்பி மலிவுச் சாமான் வாங்காதே. உன்ட இந்தச் சேர்வோவே 6 வோல்ட்டில் 11 கிலோதான், மகன்ட காருக்கு அது தாராளம். வயரையும் எண்ணு. கடையில் இருக்கும் சில விளையாட்டுக் கார்களின் சேர்வோவுக்கு ஐந்து வயர். அதன் பலகை ரிசீவரில் இருக்கும், மூன்று வயர்க் காருக்கு அது சரிவராது.

பழசோ புதுசோ, பூட்டும் ஒழுங்கு ஒன்றுதான். சுவிட்ச் போடுவது முதலில் ரிமோட், பிறகு கார். டிரிமை நடுவில் வை, சேர்வோ தானாக நடுவுக்கு வரட்டும், அதன் பிறகே கையை அதில் பூட்டும் இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாக ஏற்றி ஸ்குரூவை இறுக்கு. ஸ்பிரிங் உள்ள சேர்வோ சேவரை "இளக்கமாக இருக்கு" என்று கழற்றி எறியாதே. சுவரில் மோதும் அடியை வாங்குவது அதுதான். கடைசியாக ரிமோட்டை முழுக்க ஒரு பக்கம் திருப்பிப் பிடித்துக் காதை வைத்துக் கேள். முனகினால், முனகல் நிற்கும்வரை ரிமோட்டில் அந்தப் பக்கத்து ஈ.பீ.ஏ அளவை (எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லை) குறை. மற்றப் பக்கத்தையும் தனியாகச் செய், இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. உன்ட சேர்வோ இந்த நிலைக்கு வந்ததற்கு இதைச் செய்யாமல் விட்டதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பொட்டின் ஓம் எண்ணையும், அதன் அச்சு எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு என்பதையும் எழுது. இஞ்ச பலகை எரிந்த சேர்வோ ஒன்று கிடக்கிறது, பொட் நல்லது. அளவு ஒத்தால் அக்கரைப்பற்றுப் பக்கம் போகும் பஸ்ஸில் யாரிடமாவது குடுத்து விடுகிறேன்.

அம்மாவை ஒரு கிழமைக்காவது புழுதியில் வெளியே விடாதே.

உன்ட கூட்டாளி