கடைசிச் சின்ன ஆபரேஷன்: மார்பக மறுசீரமைப்பு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயால் மார்பகத்தை எடுத்தவர்களுக்குப் புதிதாக ஒன்றை உருவாக்கித் தரும் பிளாஸ்டிக் சர்ஜன்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்கள் கையால் பலன் பெற்றவள்தான் நான். ஆனாலும் ஒரு மனக்குறை. முலைக்காம்பு அமைக்கும் ஆபரேஷனைப் பற்றி எங்களிடம் நீங்கள் பேசுவது போதவில்லை.

"அது சின்ன வேலைம்மா. மரத்துப்போக ஊசி போட்டு முடிச்சுடலாம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்." எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். அதில் பொய் எதுவும் இல்லை. புதுக் காம்பு நாளாக நாளாக அமுங்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. முதல் வருடத்துக்குள் உயரத்தில் பாதியளவு, சிலருக்கு அதற்கு மேலும் குறைவது சகஜமாம். அதை ஈடுகட்டத்தான் வேண்டுமென்றே பெரிதாகச் செய்து வைக்கிறீர்கள். அது தெரியாததால் கட்டுப் பிரித்த அன்று "இவ்வளவு பெரிசா?" என்று பதறினேன். அப்புறம் அது தட்டையாகிக்கொண்டே போனபோது ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்தேன். கேட்டதற்கு, "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று பதில் வந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் என்றால், எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடலாமே!

எந்த முறையில் செய்யப்போகிறீர்கள் என்பதையும் ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். படித்தவர், படிக்காதவர் யாருக்கும் புரியாத விஷயம் இல்லை இது. சி-வி ஃபிளாப் என்றால் மார்பின் தோலிலேயே ஆங்கில C, V எழுத்து வடிவில் கோடு போட்டு, இரண்டு பக்கத்து வி துண்டுகளையும் தூக்கிச் சுற்றி, சி துண்டை மேலே மூடிபோல் வைத்துத் தைப்பது. தோல் எடுத்த இடத்தை அப்படியே இழுத்துத் தைத்துவிடலாம். ஸ்கேட் ஃபிளாப் என்ற இன்னொரு முறையில் உயரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் வழக்கமான முறையில் தொடை இடுக்கு போன்ற இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டிவரும், அங்கே இன்னொரு தழும்பு. மறுபக்கக் காம்பு பெரிதாக இருந்தால் அதில் ஒரு பகுதியை வெட்டி இங்கே வைக்கலாம். நிறமும் தன்மையும் பொருந்தும். நல்லபடியாக இருக்கிற ஒன்றில் கத்தி வைக்க வேண்டும், அதன் உணர்ச்சி குறையவும் கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுத் தகவல். ரேடியேஷன் பட்ட தோலில் ரத்த ஓட்டம் குறைவு, தைத்த துண்டு கருகிப்போகும் ஆபத்து அதிகம். இதை ஆபரேஷன் டேபிளில் வைத்துச் சொல்லி என்ன பயன்?

அப்புறம், காம்பு அமையும் இடம். படுக்க வைத்து எங்கள் மார்பில் புள்ளி வைக்காதீர்கள். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும். நின்றால் புள்ளி எங்கேயோ இருக்கும். ஈசிஜி எடுக்க ஒட்டுகிற வட்ட ஸ்டிக்கர் ஒன்றை எங்கள் கையில் கொடுத்து, கண்ணாடி முன்னால் நிற்க விடுங்கள். நாங்களே ஒட்டி, எடுத்து, அரை விரல் தள்ளி ஒட்டிப் பார்த்துச் சொல்கிறோம். இதற்குச் செலவே கிடையாது.

புதுக் காம்பில் உணர்ச்சி வராது, குளிருக்கு விறைக்காது, பால் கொடுக்கவும் முடியாது. கசப்பான சேதிதான், ஆனாலும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நடுவில் ஓட்டை போட்ட பஞ்சு வளையத்தைச் சில வாரங்கள் வைத்து, பிரா அழுத்தாமல் காப்பது ஏன் என்றும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் பொறுமை வரும். கருவட்டத்துக்கு டாட்டூ போடுவதானால் நிறம் சில வருடங்களில் மங்கும், திரும்பப் போட வேண்டியிருக்கும்.

கத்தியே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நிழலும் வெளிச்சமும் காட்டி வரையும் முப்பரிமாண டாட்டூவைப் பார்த்தால் தட்டையான தோல் என்றே தெரியாது. ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் காம்பும் உண்டு. எதுவுமே வேண்டாம் என்று நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் "முழுசா முடிச்சுடலாமே" என்று வற்புறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் காட்டும் ஆல்பத்தில் தையல் பிரித்த நாளின் படங்கள்தான் அதிகம். அதே பெண்களிடம் அனுமதி வாங்கி, ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். அதைப் பார்த்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் சொல்கிறோம்.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருத்தி