ஹெத்தை கேட்ட கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளைஞர்கள் சர்ச்சுக்கு வராததற்குச் செல்போன்தான் காரணம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் இறையியல் மூன்றாம் ஆண்டு மாணவன், விடுமுறைக்குக் கோத்தகிரி வந்திருக்கிறேன். பழியைச் செல்போன் மேல் போடுவது சுலபம்.

போன வாரம் எங்கள் சபை இளைஞர் கூட்டத்தில் ஆள் உயர ஸ்பீக்கர் நான்கு, புகை கக்கும் மெஷின் ஒன்று. (இந்த மலையில் பனிமூட்டத்துக்கா பஞ்சம்?) மறுநாள் தேயிலைத் தோட்ட வேலியோரம் பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டி, அவர்கள் மொழியில் ஹெத்தை, கேட்டார்: "உங்க சாமிக்குக் காது கேக்காதா தம்பி?" சிரித்துச் சமாளித்தேன். அருட்பணி பற்றி வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதியது எதுவும் கைகொடுக்கவில்லை.

1840-களில் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்திக்கு வந்த, சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் அமைப்பைச் சேர்ந்தவர்கள் படுகர் மொழியைக் கற்றார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அதற்காக அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். ஊர் வழக்கங்களைக் கீழாகத்தான் பார்த்தார்கள். ஆங்கிலேயர் கட்டிய ஊட்டி செயின்ட் ஸ்டீபன் ஆலயத்தின் உத்தரங்களே, அவர்கள் வீழ்த்திய திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்து மாளிகையிலிருந்து வந்தவை. அவற்றின் கீழ் உட்கார்ந்து ஜெபிக்கும்போது கொஞ்சம் கூச்சம் வரத்தான் செய்கிறது.

என் அப்பா இறந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. ராகிக் களியும் அவரைக் குழம்பும் ஹெத்தை வீட்டிலிருந்துதான் வந்தன, தூக்குப் பாத்திரம் சுடச் சுட. சபை இளைஞர் குழுவிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. அந்தக் குழுவில் நானும் ஒருவன்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு ஸ்பீக்கரையாவது குறைக்கலாமா என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
ஓர் இறையியல் மாணவன்,
கோத்தகிரி.