கோடு போட முடியாத காணி

ஒட்டுசுட்டான்

அன்பின் மச்சான்,

சுகமா? அம்மாவின் முழங்கால் நோ இப்போது பரவாயில்லை. குளத்தடி வரை தனியாக நடக்கிறார். சோளகம் அடித்து நிலமெல்லாம் வெடித்துக் கிடக்கிறது.

நீ கேட்ட மரநடுகை விஷயத்துக்கு வருகிறேன். முன்பு ஒரு திட்டத்தில் வைத்த தேக்கங்கன்றுகள் பட்டுப்போனது உனக்குத் தெரியும். அந்த வரைபடத்தில் இரண்டே நிறம்: பொருத்தம், பொருத்தமில்லை. ஓடைக்கு 100 மீற்றருக்கு அப்பால் என்றால் நல்ல நிலம். அந்த 100 மீற்றர் கோட்டைத் தாண்டியதும் நட்டோம். மார்கழி வெள்ளம் கோட்டைப் பார்க்கவில்லை, இரண்டு கிழமை அங்கேயே நின்றது. தேக்கு அதைத் தாங்காது. அழுகிய வேர்களைக் கையால் பிடுங்கிய நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

இந்த முறை வரைபடத்தை ஃபஸி லாஜிக்கில் செய்கிறேன். 1965இல் கலிபோர்னியாவில் லொத்ஃபி சாதே என்ற பேராசிரியர் எழுதிய கணக்கு. ஈரமா இல்லையா என்று கேட்காமல் எவ்வளவு ஈரம் என்று கேட்டு, 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எண் கொடுப்பது. தேக்குக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை ஓடையிலிருந்து 50 மீற்றர் வரை 0, 150க்கு அப்பால் 1, 100இல் 0.5 என்று வைத்திருக்கிறேன். "அது ஒரு மாதிரி ஈரக்காணி தம்பி" என்று ஊரில் சொல்வார்களே, அந்த 'ஒரு மாதிரி'க்கு இப்போது ஓர் எண் உண்டு.

எண்களைச் சேர்க்கிற இடத்தில்தான் நிறைய யோசித்தேன். ஒரு துண்டில் மண் ஆழம் 0.9, பாதை வசதி 0.8, வடிகால் 0.1. சராசரி 0.6, வரைபடத்தில் பச்சையாகத் தெரியும். ஆனால் மழைக்கு அங்கே முழங்கால் தண்ணீர். வேர் மூச்சுவிட முடியாத இடத்தில் நல்ல மண் இருந்து என்ன? அதனால் தேக்குக்கு உள்ளதில் சிறிய எண்ணே முடிவு. அதே துண்டு மருதுக்கு நல்ல இடம், அதற்கு எண்ணைத் திருப்பிப் போட்டேன், ஓடைக்குக் கிட்ட வரவர எண் கூடும். பாலைக்கும் முதிரைக்கும் வேறு வேறு.

மிதிவெடி அகற்றாத நிலத்துக்கு மட்டும் ஃபஸி கிடையாது. அங்கே 0.1 என்று ஒன்று இல்லை, சிவப்புப் பலகைக்கு அப்பால் எல்லாம் 0.

அப்புறம், உயர வரைபடம். 2000ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்தது, ஒரு கட்டம் 30 மீற்றர். மலைநாட்டுக்குச் சரி. இங்கே ஒரு முழ உயரத்தில் வயலும் மேட்டுக்காணியும் பிரிகின்றன, போதாததற்குக் காட்டு மரங்களின் உச்சியையும் சேர்த்து நிலமென்று அளந்திருக்கிறது. அதனால் பின்னேரங்களில் ஜிபிஎஸ்ஸோடு நடக்கிறேன். பக்கத்துக் காணிப் பெரியவர் கூட வந்து, வெள்ளம் ஏறிய உயரத்தை மரத்தில் காட்டுகிறார். அவர் காட்டிய இடமெல்லாம் வரைபடத்தில் ஏறிவிட்டது.

நீ கணக்குப் படிப்பிக்கிறவன், ஓர் உதவி செய். 50இலிருந்து 150 வரை என் கோடு நேராக ஏறுகிறது. ஓடையோரத்தில் அது மெல்ல ஏறி நடுவில் விரைய வேண்டும் என்று படுகிறது. ஒரு சமன்பாடு எழுதி அனுப்பு. ஐப்பசி மழைக்கு முன் குழி வெட்ட வேண்டும்.

கார்த்திகையில் வா. கன்று வைக்க ஆள் காணாது.

அன்புடன்,
ரவி