மயக்கவியல் படிக்கும் மகளுக்கு

தோட்டப்பாளையம்,
வேலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. மருத்துவப் பெயர்கள் மனதில் நிற்கவில்லை, உருப்போட்டு அலுத்துவிட்டது என்று போனில் சொன்னாயே, அப்போதிருந்து எனக்கு அதே நினைப்பு. உருப்போடாதே கண்ணு. ஒவ்வொரு பெயரும் எங்கிருந்து வந்தது என்று கேள். தியேட்டர் நர்ஸாக இருந்தபோது நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

வேகஸ் நரம்பை எடுத்துக்கொள். லத்தீனில் அலைந்து திரிவது என்று பொருள். மண்டையோட்டின் அடியில் கிளம்பி, கழுத்து, நெஞ்சு என்று வயிறு வரை போகிறது. இதயத்துடிப்பை மெதுவாக்குவதும் அதுதான். அதனால்தான் சர்ஜன் குடலை இழுத்தால் நாடித்துடிப்பு சட்டென்று இறங்குகிறது. உடனே நாடியை ஏற்ற நீ எடுக்கும் மருந்து அட்ரோபின். கிரேக்கப் புராணத்தில் மனிதரின் ஆயுள் நூலை அறுப்பவள் அட்ரோபோஸ். பெல்லடோனா என்ற நச்சுச் செடிக்கு அவள் பெயரை வைத்தார்கள், மருந்துக்கும் அதுவே வந்தது. நம் ஊர் ஊமத்தையிலும் அந்த நஞ்சு உண்டு. ஊமத்தங்காய் தின்ற பிள்ளைக்குக் கண்மணி விரியும், வாய் வறளும், நாடி ஓடும், பிதற்றும். அட்ரோபின் மிஞ்சினாலும் இதேதான்.

அப்புறம், அனஸ்தீசியா. 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், ஈதர் ஆவியை முகரவைத்து வலி தெரியாமல் ஆபரேஷன் செய்யலாம் என்று காட்டினார். அடுத்த மாதமே ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவர் அவருக்குக் கடிதம் எழுதி, இந்தக் கிரேக்கச் சொல்லைச் சொன்னார். உணர்ச்சியின்மை என்றுதான் பொருள், தூக்கம் இல்லை. நாமோ மயக்கம் என்கிறோம். முதுகில் ஊசி போட்டபின், "மயக்கம் குடுத்தீங்களே, எனக்கு எல்லாம் கேக்குதே" என்று பயந்து அழுத பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "இடுப்புக்குக் கீழ மரத்துப் போகும், முழிச்சிட்டுதான் இருப்பீங்க" என்று முன்பே சொல்லிவிடு. இங்கே தமிழோடு தெலுங்கும் வங்காளமும் இந்தியும் கேட்கும். எந்த மொழிக்காரராக இருந்தாலும் இதைப் புரியவைக்காமல் ஊசியைத் தொடாதே.

எனக்கு மிகவும் பிடித்தது டியூரா மேட்டர். கடினமான தாய். மூளையைப் போர்த்தும் உறையை அரபு மருத்துவர்கள் தாய் என்றார்கள். 12-ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போனது. அதே உறை முதுகுத்தண்டுக்குள்ளும் இறங்குகிறது. முதுகில் போடும் எபிடியூரல் ஊசி என்றால் அந்த உறைக்கு வெளியே. ஊசி அங்கேயே நிற்க வேண்டும். உறையில் ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் நீர் கசிந்து, எழுந்து உட்காரவே முடியாதபடி தலை வலிக்கும்.

இந்த வாரம் எந்தப் பெயர்கள் புரியவில்லையோ எழுதி அனுப்பு. நைனாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா